மேடில்லாத ஊருக்கு ஓர் எச்சரிக்கை

அணையின் வான்கதவு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குக் கதவை எப்படித் திறப்பது, எப்படி மூடுவது என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்குப் பயிற்சி இருக்கிறது, கையேடு இருக்கிறது, பொத்தான்களுக்குப் பக்கத்திலேயே மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியும் இருக்கிறது. ஒரு கிழமையில் பழகிவிடுவீர்கள். பழக நாளெடுப்பது வேறொன்று. பொத்தானை அழுத்தியதும் அணைக்குக் கீழே தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடுவது தெரியும். வளைவில் திரும்பியதும் காட்டுக்குள் மறைந்துவிடும். மறைந்ததோடு நம்முடைய வேலையும் முடிந்துவிட்ட மாதிரி மனதுக்குள் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அந்த நிம்மதியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் மாத்தளைக்காரன். மிளகும் கொக்கோவும் நிற்கிற ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்தவன். அரசாங்க உத்தியோகம் கிடைத்தபோது லயத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். லக்கல பக்கத்து நீர்த்தேக்கத்தில்தான் வேலை என்று தெரிந்ததும் பாதிச் சந்தோஷம் இறங்கிவிட்டது. "அங்க பஸ்ஸே போவாதேடா. யானைக்குக் காவலிருக்கப் போறியா?" என்று கேட்டார் என் மாமா. அவர் சொன்னதில் பெரிய பிழையில்லை. முதல் வருடம் நான் அதிகம் கண்டது யானைகளைத்தான். பிறகு வேறு இடங்களுக்கும் மாற்றிவிட்டு, கடைசிக் காலத்தில் மறுபடியும் அங்கேயே அனுப்பினார்கள். நான் சொல்லவரும் விஷயம் நடந்தது இந்த இரண்டாவது தடவையில்.

எங்கள் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒரு நீளமான வரைபடம் தொங்கியது. ஆறு மலையில் தொடங்கிக் கடலில் முடியும் வரைக்கும் மேலிருந்து கீழாக வரைந்திருந்தார்கள். மேலே நாங்கள். நடுவில் அம்பன் கங்கை, பிறகு மகாவலி, கடைசியில் கிழக்குக் கரை. ஆனால் அறையின் சுவர் கட்டை, படம் நெட்டை. ஆகவே படத்தின் அடிப்பகுதியைச் சுருட்டி, இரும்பு அலுமாரிக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார்கள். கரையோரம் முழுவதும் அந்தச் சுருளுக்குள் இருந்தது. எத்தனையோ பேர் அந்த அறையில் வேலை செய்து மாறிப் போனார்கள். ஒருவருக்காவது அலுமாரியை நகர்த்தத் தோன்றவில்லை.

அந்தச் சுவரைப் போலத்தான் எங்கள் எச்சரிக்கை வாசகமும். கதவு திறக்க முன்னர் ஆற்றோரம் முழுவதற்கும் ஒரே அறிவித்தல் போகும்: "தாழ்வான பகுதிகளில் இருப்போர் உடனடியாக உயரமான இடங்களுக்குச் செல்லவும்." கீழே எங்கள் தொலைபேசி எண். வாசித்தால் குறை சொல்ல முடியாது. லக்கலையில் அது சரியான புத்திமதியும்கூட. இங்கே வயல் பள்ளத்தில் இருக்கும், வீட்டுக்குப் பின்னால் மலை நிற்கும். தண்ணீர் வந்தால் ஆட்டையும் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு நாலு எட்டு ஏறினால் போதும். மறுநாள் இறங்கி வரலாம். அந்த வாசகத்தை எழுதியவர் நிச்சயமாக ஒரு மலைநாட்டுக்காரராகத்தான் இருப்பார். தண்ணீருக்குப் பயந்தவன் மேலே போவான், மேலே போனவன் பிழைத்துக்கொள்வான். மலையில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லியா கொடுக்கவேண்டும்?

ஒரு மார்கழியில் மழை விடாமல் பெய்தது. நக்கிள்ஸ் மலைப் பக்கம் மேகம் கறுத்து உட்கார்ந்துவிட்டது. நீர்மட்டம் ஏற ஏற முதலில் கதவுகளைக் கொஞ்சமாகத் திறந்தோம். பிறகும் மழை ஓயவில்லை. அடுத்த நாள் காலையில் பெரிதாகத் திறக்கவேண்டி வந்தது. அன்று அணைக்குக் கீழே நின்ற மரமெல்லாம் அதிர்ந்தது. அறிவித்தல் வழக்கம்போலப் போனது.

அதற்கு மறுநாள் மழை விட்டது. வெயில் பளீரென்று அடித்தது. கதவுகளைப் பாதியளவுக்கு இறக்கினோம். எங்களுக்கெல்லாம் உயிர் வந்த மாதிரி இருந்தது. கதவு இயக்குபவரான ஜயதிஸ்ஸ, லக்கலைக் கிராமத்து மனிதர், நனைந்த சப்பாத்துகளைக் கழற்றி வெயிலில் வரிசையாக வைத்துவிட்டு, பகல் சோற்றுக்கு மாசிக் கருவாட்டுச் சம்பல் இடித்துக்கொண்டிருந்தார். எங்கள் பொறியியலாளர் தர்சினி மிஸ் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பொறுப்பை ஏற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. தூக்கமில்லாத கண்ணோடு மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தார். அறிக்கையில் "நிலைமை கட்டுப்பாட்டில் உள்ளது" என்று எழுதியிருந்தது. எனக்கு அந்த வசனத்தைக் கண்டாலே எரிச்சல் வரும். யாருடைய கட்டுப்பாட்டில் என்று அது சொல்வதே இல்லை.

அப்போது தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"ஹலோ, இது கதவு திறக்கிற இடமா?" ஒரு பெண் குரல். வயதான குரல் இல்லை, ஆனால் அதிகாரமான குரல்.

"ஆமாங்க, சொல்லுங்க."

"நீங்க சொன்னபடி மேட்டுக்கு வந்திட்டம். இனி என்ன செய்யிற?"

எனக்கு விளங்கவில்லை. எங்கேயிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டேன். மூதூருக்குத் தெற்கே, ஆறு கடலில் விழுகிற பக்கம் என்றார். பெயர் வள்ளிப்பிள்ளை. எருமைப் பட்டி வைத்துத் தயிர் போட்டு விற்கிறவர்கள். அவரும் கணவரும் மாடுகளும் மட்டும் அங்கே இருக்கிறார்கள். பிள்ளைகள் பட்டணத்தில்.

"எந்த மேட்டுல இருக்கீங்க அக்கா?"

"எங்கட பட்டிக்குப் பக்கத்தில கிடக்கிற மேடுதான். வேறெங்க மேடு கிடக்கு?"

"அது எவ்வளவு உயரம் இருக்கும்?"

"என்ட வயிறளவு இருக்கும். இப்ப தண்ணி முக்காவாசிக்கு வந்திட்டு."

நான் மனதுக்குள் ஒரு குன்றை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் நின்றது ஒரு மண்திட்டில்.

"அங்க மழை பெய்யுதுங்களா?"

"மழையா? வெயில் எறிக்குது தம்பி. வானத்தில ஒரு பொட்டு மேகமில்ல. ஆறுதான் ஏறுது."

மலையில் வளர்ந்தவனுக்கு வானத்தைப் பார்த்து ஆற்றைச் சொல்லத் தெரியும். மழை வந்தால் ஓடை பெருகும், பாலம் மூழ்கும். மழை விட்டால் அந்திக்குள் பாலத்தில் நடக்கலாம். அந்தக் கணக்கு கரையில் செல்லாது. நம் மலையில் பெய்த தண்ணீர் அங்கே போய்ச்சேர ஒரு பகலும் ஓர் இரவும், சில வேளை அதற்கு மேலும் பிடிக்கும். போய்ச்சேரும்போது இங்கேயும் வெயில், அங்கேயும் வெயில். மார்கழியில் கடல்காற்று கரையை நோக்கி அடிப்பதால் கடலும் ஆற்றை லேசில் உள்ளே விடாது. தண்ணீர் போக இடமில்லாமல் வயலிலும் வில்லிலும் பரந்து நின்றுவிடும். வில்லு என்று அவர்கள் சொல்வது ஆற்றோரத்துப் பள்ளமான புல்தரையை. மாரியில் அது குளம், கோடையில் எருமைகளுக்கு மேய்ச்சல். இதையெல்லாம் விளக்கமாக நான் தெரிந்துகொண்டது பின்னால். அந்த நிமிடத்தில் எனக்குப் பட்டது ஒன்றுதான். அந்தப் பெண்ணைச் சுற்றி இப்போது நிற்பது நாங்கள் முதலில் கொஞ்சமாகத் திறந்துவிட்ட தண்ணீர். நேற்றுக் காலை பெரிதாகத் திறந்தது இன்னும் போய்ச் சேரவே இல்லை.

தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு மிஸ்ஸிடம் சொன்னேன். ஜயதிஸ்ஸவும் நானும் அலுமாரியை இழுத்தோம். படத்தின் சுருளைத் தரையில் விரித்து முழங்காலில் நின்று பார்த்தோம். கரையோரம் வந்ததும் உயரக்கோடுகளே இல்லை. மேலே நெருக்கமாக, விரல்ரேகை போலப் போட்டிருந்த கோடுகள், அங்கே வந்ததும் நின்றுவிட்டன. வெறும் வெள்ளைத் தாள், அதில் கிளை கிளையாகப் பிரியும் நீலம்.

மிஸ் எழுந்துவிட்டார். "ஐயா, உடன கதவை மூடுவம். மழை விட்டிட்டுதுதானே."

"மூடுனா அவங்களுக்கு என்னங்க மிஸ் ஆகும்?"

"தண்ணி குறையும்தானே!"

"குறையும்ங்க. நாளான்னிக்கு."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு மனுஷி தொலைபேசியில் தண்ணீருக்கு நடுவில் நின்று கூப்பிடுகிறாள். கைக்கெட்டும் தூரத்தில் பொத்தான் இருக்கிறது. அழுத்தாதே என்று ஒரு கிழவன் சொல்கிறான். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஆனால் எங்கள் நீர்த்தேக்கக் குளம் விளிம்புவரை நிறைந்து நின்றது. அந்திக்கு மேல் மலையில் மறுபடியும் கனமழை என்று வானிலை அறிவித்திருந்தார்கள். இப்போது மூடிவிட்டால், மழை வந்ததும் முழுவதையும் ஒரேயடியாகத் திறக்கவேண்டி வரும். இரக்கப்பட்டு மறித்த தண்ணீர் இரண்டு நாள் கழித்து இரட்டையாகப் போய் அவர்கள் தலையிலேயே விழும்.

இதைச் சொன்னேன். "மிஸ், அவங்கள அடிக்கப்போற தண்ணி நேத்தே நம்ம கைய விட்டுப் போயிருச்சிங்க. இந்தப் பொத்தானால அத இழுத்துப் பிடிக்க முடியாது. நம்ம மனசு ஆறும், அவ்வளவுதான்."

கதவு அவருடைய பொறுப்பு. அவர் மூடச் சொல்லியிருந்தால் ஜயதிஸ்ஸ மூடியிருப்பார், நானும் தடுத்திருக்க முடியாது. மிஸ் வரைபடத்தைப் பார்த்தார், நீர்மட்டத்தைப் பார்த்தார், பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "சரி ஐயா. கதவு இருக்கிறபடி இருக்கட்டும். நீங்கள் அவவோட கதையுங்கோ. நான் அங்கத்தைய பிரதேச செயலகத்தைப் பிடிக்கிறன்." சொல்லிக்கொண்டே மற்றத் தொலைபேசியை எடுத்தார்.

நான் தொலைபேசியை மறுபடி காதில் வைத்தேன். அந்தப் பக்கம் அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கவேண்டும்.

"தம்பி, ஒரு கொஞ்சம் நிப்பாட்டுங்களன். நாளைக்கி வரைக்கும் போதும்."

இத்தனை வருட வேலையில் பொய் சொல்ல இவ்வளவு ஆசைப்பட்ட நேரம் வேறில்லை. சரி அக்கா, நிப்பாட்டுறேன் என்று சொன்னால் இருவருக்கும் ஆறுதலாக இருக்கும். அவர் அந்தத் திட்டிலேயே உட்கார்ந்துவிடுவார்.

"அக்கா, நான் உண்மையைச் சொல்லிர்றேன். உங்களுக்கு வரப்போற தண்ணி நேத்தே இங்கேருந்து போயிருச்சி. இப்ப கதவ அடைச்சாலும் அது நிக்காது. விடியும்போது உங்க மேடு இருக்காதுங்க."

எருமைகளின் சத்தத்துக்கு நடுவில் அவர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப ஏன் மேட்டுக்குப் போகச் சொன்னீங்க?"

றோட்டுக்குப் போக வழியிருக்கிறதா என்று கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது: அறிவித்தல் வந்த நேரத்தில் அவர்கள் றோட்டுக்கு நடந்தே போயிருக்கலாம், கரண்டைக்கால் தண்ணீர்தான். நாங்கள் சொன்னோம் என்று நம்பி, றோட்டை விட்டுவிட்டுத் திட்டில் ஏறியிருக்கிறார்கள். இப்போது திட்டுக்கும் றோட்டுக்கும் நடுவில் இடுப்பளவு தண்ணீரும் ஒரு வாய்க்காலும்.

கணவர் தொலைபேசியை வாங்கினார். தம்பிராசா என்று பெயர். எடுத்த எடுப்பில், "நான் மாட்ட விட்டிட்டு வரமாட்டன். பொஞ்சாதிய ஏத்தி விடுறன், வள்ளம் கேட்டிருக்கு," என்றார். மனைவியின் தம்பி மீன்பிடிக்கிறவர், பக்கத்திலேயே வள்ளம் வைத்திருக்கிறார். வள்ளிப்பிள்ளை பின்னாலிருந்து, "அவர் வராம நான் போகமாட்டன்," என்று கத்துவதும் கேட்டது.

பெரிய எருமைகள் நீந்தும். கன்றுகள்தான் சிக்கல். கன்றை விட்டுவிட்டுத் தாய் வராது, தாயை விட்டுவிட்டு அவர் வரமாட்டார். எங்கள் லயத்திலும் மாடு வளர்த்தோம். மேயப் போன பசு வீட்டுக்கு வர அடம்பிடித்தால், கன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்போம். பசு தானாக வரும். அந்த ஞாபகத்தில் சொன்னேன்: "அண்ணே, கன்னுங்கள வள்ளத்துல ஏத்துங்க. தாய்மாடு பின்னாலயே நீந்தி வந்துரும்."

தம்பிராசா கடுப்பாகிவிட்டார். "தண்ணியில மாடு கடத்துற எப்பிடியெண்டு நீ எனக்குச் சொல்லித்தராத. அது என்ட தொழில். நேரம் கிடக்கா, இல்லையா? அதச் சொல்லு. நாலஞ்சு தரம் வள்ளம் போய்வர வேணும். பாதியில பெருவெள்ளம் வந்தா எல்லாம் போயிரும்."

உங்களுக்கு நான் சொல்ல நினைத்ததெல்லாம் அந்த மனிதர் திட்டிய திட்டில் இருக்கிறது. அவர் என்ன செய்யவேண்டும் என்று நாங்கள் சொல்லிக்கொண்டே இருந்தோம். முதலில் மேட்டுக்குப் போ என்றோம், பிறகு கன்றை ஏற்று என்றோம். அவருக்குத் தெரியாத ஒன்றே ஒன்று எங்களிடம்தான் இருந்தது. அதை மட்டும் சொல்லாமல் விட்டோம்.

ஆனால் சொல்வது லேசில்லை. தண்ணீர் மணிக்கூட்டைப் பார்த்து நடக்காது. வழியில் வேறு ஆறுகள் சேரும், காற்று மாறும். கொஞ்சம் குறைத்துச் சொன்னால் அவர் முயற்சியே செய்யமாட்டார். கொஞ்சம் கூட்டிச் சொன்னால் நடுவழியில் மாட்டிக்கொள்வார். உத்தியோகத்தில் இருக்கிறவன் இந்த இடத்தில் வழக்கமாகச் சொல்வது "எங்களால் உறுதியாகக் கூற இயலாது" என்பதுதான். அப்படிச் சொன்னவன் மேல் யாரும் வழக்குப் போட முடியாது. நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் காதில் ஒரு தொலைபேசியோடு தரையில் குந்தியிருந்து, வரைபடத்தில் விரலால் தூரத்தை அளந்து, வேகத்தைக் கணக்குப் போட்டு, ஜன்னல் பக்கம் கையைக் காட்டிச் சூரியன் இறங்குவது போலச் சைகை செய்தார். என் மனதிலும் அதே நேரம்தான் இருந்தது.

"அண்ணே, பொழுது சாயிற வரைக்கும் இப்ப மாதிரியே மெதுவா ஏறும். அதுக்கப்புறம்தான் வேகமா வரும். சத்தியமெல்லாம் பண்ண முடியாதுங்க. ஆனா பொழுது சாயிற வரைக்கும் நம்பி வேலை செய்யலாம். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட நம்பாதீங்க."

"அது போதும்," என்றார் அவர். "போன்ல சார்ஜ் இல்ல, வைக்கிறன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த எண்ணுக்கு அழைப்புப் போகவில்லை.

சம்பலும் சோறும் ஆறிப்போய்க் கிடந்தன. ஒருவரும் தொடவில்லை. மிஸ் பிரதேச செயலகத்தில் ஓர் உத்தியோகத்தரைப் பிடித்து, றோட்டுக்கு உழவு இயந்திரம் அனுப்பச் சொல்லி, விடாமல் திரும்பத் திரும்ப அழைத்தார். அந்தியில் லக்கலையில் வானம் மறுபடி இருண்டது. மழை கொட்டியது. நாங்கள் கதவை மூடாமல் விட்டதால் குளத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. மேலதிகமாகத் திறக்கவேண்டி வரவில்லை. மழை வந்தபடியால் நான் சொன்னது சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். மழை வராமல் போயிருந்தாலும் அந்த நேரத்துக்கு அதுதான் சரியான முடிவு. அப்போது நான் கல்நெஞ்சக்காரன் என்று பெயர் எடுத்திருப்பேன், அது வேறு விஷயம். முடிவு எடுப்பவர்களுக்கு வானம் சாட்சிக்கு வரும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஒரு தகவலும் இல்லை. பொழுது சாயிற வரைக்கும் என்று சொன்னது நான். அது தப்பாகி அவர்கள் நடுவழியில் மாட்டியிருந்தால் பழி என்னுடையதுதான். மத்தியானத்துக்குப் பிறகு தெரியாத ஓர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"மேடு போயிட்டு தம்பி," என்றது வள்ளிப்பிள்ளையின் குரல்.

"நீங்க?"

"நாங்க பள்ளிக்கூடத்தில இருக்கிறம். மாடெல்லாம் றோட்டில நிண்டு பஸ்ஸ மறிச்சிக்கொண்டு கிடக்கு. பஸ் ரைவர் ஏசுறான். கொட்டில் போயிட்டு, விதைநெல்லும் போயிட்டு."

"அண்ணன்?"

"அந்தா, ரைவருக்குத் திருப்பி ஏசிக்கொண்டு நிக்கிறார்."

நான் கதிரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், விக்கி விக்கி அழுதேன். மிஸ் வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜயதிஸ்ஸ ஒன்றும் காணாதவர் போல எல்லோருக்கும் பால் சேர்க்காத பிளேன்ரீ ஊற்றினார். என்னுடையதில் மட்டும் சீனி அள்ளிக் கொட்டியிருந்தார்.

அதன் பிறகு தர்சினி மிஸ் அறிவித்தலை மாற்றி எழுதினார். எங்கே போகவேண்டும் என்ற கட்டளையை எடுத்துவிட்டார். எவ்வளவு தண்ணீர், எப்போது இங்கிருந்து புறப்பட்டது, எந்தெந்த ஊருக்கு ஏறக்குறைய எப்போது போய்ச்சேரும், எங்கள் கணக்கு எவ்வளவு பிந்தலாம் அல்லது முந்தலாம் என்று எழுதினார். மேலிடத்தில் ஏற்கவில்லை. இவ்வளவும் எழுதினால் மக்கள் குழம்பிப்போவார்கள், அவர்களுக்குச் சுருக்கமான கட்டளைதான் விளங்கும் என்றார்கள். மிஸ் விடவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் அதையே பேசி, எல்லோருக்கும் தலைவலியாகி, கடைசியில் "சரி, போடுங்கள்" என்று விட்டுவிட்டார்கள். நீங்கள் இன்று அனுப்பும் அறிவித்தல் அப்படிப் பிறந்ததுதான். நீளமாக இருக்கிறது என்று உங்களில் யாராவது அலுத்துக்கொண்டால் எனக்குக் கோபம் வரும்.

பங்குனி கடைசியில் நாங்கள் மூவரும் ஜீப்பில் கரைக்குப் போனோம். இத்தனை வருடம் தண்ணீர் அனுப்பிய இடத்தை முதல்தடவையாகப் பார்க்கப் போகிறேன். நாலந்தாவைத் தாண்டி, தம்புள்ளையைத் தாண்டிப் போகப் போக மலை பின்னால் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒன்றுமே இல்லை. எங்கே பார்த்தாலும் வானம் தரையில் போய் முட்டியது. எனக்குத் தலை சுற்றியது. சாய்ந்துகொள்ள ஒன்றும் இல்லாத வீட்டில் நிற்பது போல இருந்தது. ஜயதிஸ்ஸ ஜீப்பை விட்டு இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த ஊரில் மேலே எது, கீழே எது?" என்று சிங்களத்தில் கேட்டார். வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

வள்ளிப்பிள்ளை நான் நினைத்ததைவிடக் குட்டையான பெண். எங்களைக் கண்டதும் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. புதுக் கொட்டிலுக்குள் உட்கார வைத்து எருமைத் தயிரும் சீனியும் தந்தார். தம்பிராசா என்னிடம், "நீதானா அந்தக் கன்றுக்காரன்?" என்று கேட்டுத் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். அதை நன்றி என்று எடுத்துக்கொண்டேன். பிறகு அந்த மேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். வள்ளிப்பிள்ளை என் காலைப் பார்த்தார். "நிக்கிறீங்களே, இதுதான்," என்றார். நான் அதன்மேல் முன்னும் பின்னுமாக நடந்தும் அது மேடு என்று எனக்குப் படவில்லை.

வெள்ளத்தைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று தயாராகப் போயிருந்தோம். மிஸ் புது அறிவித்தலை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். வள்ளிப்பிள்ளை அதை வாங்கி வாசித்து, நல்லது என்று மடித்து வைத்துவிட்டு, எங்களை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனார். அங்கே அவர்களுக்குச் சின்னதாக ஒரு வயல். கோடையில் செய்யும் சிறுபோகத்துக்கு ஆற்றிலிருந்து பம்ப் வைத்து இறைப்பார்கள். ஆறு வற்றி மெலிந்து கிடந்தது. அவர் குனிந்து கையில் தண்ணீர் அள்ளி, "வாயில வச்சிப் பாருங்க," என்றார்.

வைத்தேன். உப்பு.

"மேல இருந்து தண்ணி வராட்டி கடல் உள்ளுக்கு ஏறும்," என்றார். "வெள்ளம் வந்தா மண்ணக் கொண்டுவரும், மீனக் கொண்டுவரும். வெள்ளத்துக்கு ஓடலாம் தம்பி. இதுக்கு எங்க ஓடுற?" பிறகு, கதவு திறக்கிற இடமா என்று கேட்ட அதே குரலில் கேட்டார்: "இப்ப தண்ணி எங்க நிக்குது? எப்ப வரும்?"

கொட்டில் மூலையில் நிவாரணத்துக்குக் கிடைத்த விதைநெல் மூட்டையைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். எங்கள் பதிலுக்காகத்தான் அது காத்துக் கிடக்கிறது என்று தம்பிராசா சொன்னார். அந்த வருடம் குளத்தில் தண்ணீர் குறைவு. இருந்ததும் மேலே உள்ள வயல்களுக்கே முதலில் என்று முடிவாகியிருந்தது. கரைக்கு ஆவணிக்கு முன்னர் ஒன்றும் போகாது. மிஸ் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

"இந்தப் போகத்துக்கு வராதுங்க அக்கா."

அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "அப்ப விதைக்கல்ல," என்று கணவரிடம் சொல்லிவிட்டுக் கொட்டிலுக்கு நடந்தார். மூட்டையை எலி தொடாதபடி இருவருமாகப் பரணில் தூக்கி வைத்தார்கள். அந்த வருடம் பக்கத்து வயல்காரர்கள், தண்ணீர் எப்படியும் வரும் என்று யாரோ சொன்னதை நம்பி விதைத்து, கருகிப்போனதைப் பின்னால் கேள்விப்பட்டேன். வள்ளிப்பிள்ளையின் விதை மாரிமழையோடு வந்த பெரும்போகத்துக்கு முளைத்தது.

அதன் பிறகு ஒவ்வொரு பங்குனியிலும் அவர் அழைப்பார். சுகம் விசாரிப்பதெல்லாம் கடைசியில்தான், முதல் கேள்வி தண்ணீர். தெரிந்ததைச் சொல்வேன். தெரியாத வருடத்தில் தெரியாது என்பேன். தெரியாது என்ற பதிலுக்கும் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. அந்த வருடம் பாதி வயல் மட்டும் விதைப்பார்.

இந்தப் பங்குனியிலும் அழைத்தார். நான் இப்போது வேலையில் இல்லை, மாத்தளைப் பக்கம் பல்லேபொலையில் வீட்டோடு இருக்கிறேன், குளத்தில் எவ்வளவு தண்ணீர் என்று எனக்கே தெரியாது என்று சொன்னேன்.

"அப்ப ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

உங்களுடைய எண்ணைக் கொடுத்திருக்கிறேன்.